கிடாய் தப்பியது!

பாலவனத்தத்தில் ஓர் ஓட்டு வீடு. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் மகளுக்கு, அண்ணன் பள்ளியில் வாங்கிய அரசு லேப்டாப்தான் வாத்தியார். ஒருநாள் பாட வீடியோ பச்சையாகி, கோடு கோடாக நெளிந்தது. குரல் மட்டும் ஒழுங்காகக் கேட்டது.

அருப்புக்கோட்டைக் கடையில் 'டிஸ்பிளே போச்சு' என்று 4,000 ரூபாய் கேட்டார்கள்.

"கிடாயக் கொடுத்துருவோம் தாயி. படிப்பு நிக்கக்கூடாது" என்றார் அப்பா. குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய்! அம்மா வாயே திறக்கவில்லை.

ராத்திரி திருப்பூரிலிருந்து அண்ணன் போனில் வந்தான். "பாப்பா, குரோம் ஜன்னலச் சின்னதாக்கி அங்கிட்டும் இங்கிட்டும் இழுத்துப் பாரு. கோடு ஒரே இடத்துல நிக்குதா, வீடியோவோட நகருதா?"

நகர்ந்தது.

"அப்ப டிஸ்பிளே நல்லாத்தான் இருக்கு!"

இந்தச் சோதனைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. கடையில் ஏனோ செய்யவில்லை.

வீடியோவை விரித்துக் காட்டும் வேலையை பிரவுசர் கிராபிக்ஸ் சிப்பிடம் தள்ளிவிடும். பிரவுசர் புதுசாகிக்கொண்டே போக, சிப்பை இயக்கும் டிரைவர் பழசாகவே கிடந்தால் இரண்டுக்கும் சில சமயம் ஒத்துப்போகாது. குரோம் செட்டிங்ஸில், 'சிஸ்டம்' பகுதியில் 'கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன்' பொத்தானை அணைத்து, 'ரீலாஞ்ச்' கொடுத்தாள். படம் பளிச்!

இப்போது அந்த வேலையும் பிராசஸர் தலையில் விழுவதால் லேப்டாப் கொஞ்சம் சூடாகிறது. சார்ஜும் சீக்கிரம் இறங்குகிறது. டிரைவரை அப்டேட் செய்துவிட்டு, பொத்தானை மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறான் அண்ணன்.

அம்மா எழுந்து போய், கிடாய்க்கு அகத்திக்கீரைக் கட்டு ஒன்றை அவிழ்த்துப் போட்டாள்.