வார்னிஷுக்கு அடியில்



மரத்துக்கு மெருகேற்றுவது வாப்பாவிடமிருந்து எனக்கு வந்த தொழில். பினாங்கில் வீட்டுக் கதவுகளையும் அலமாரிகளையும் புதுப்பித்து வந்த எனக்குச் சென்ற ரமளானுக்குச் சற்று முன்னர் புதுவகை வேலையொன்று கிடைத்தது. நாற்பது ஆண்டுகளைக் கடந்த பாய்மரப் படகொன்றின் உள்ளறை மரவேலைகளைப் புதுப்பிக்க வேண்டும். உரிமையாளர் படகை விற்க எண்ணியிருந்தார். மொத்தக் கூலி பேசி ஒப்புக்கொண்டேன்.

உள்ளே எங்கும் தேக்கு நிறம். ஆயினும் பெரும்பகுதி பிளைவுட் பலகைமீது ஒட்டிய மெல்லிய தேக்குத் தகடுதான். இயந்திரத்தால் தேய்த்தால் நொடியில் அடிப்பலகை வெளிப்பட்டுவிடும். ஆகவே பழைய வார்னிஷை மரத்தின் ரேகை வழியே கையால் சுரண்டி நீக்கினேன். பிறகு 120, 180, 220 எண் உப்புத்தாள்கள். நீர் இறங்கிக் கறுத்த இடங்களை ஆக்ஸாலிக் அமிலக் கரைசலால் வெளுத்து, நல்ல தண்ணீரால் கழுவினேன். தேக்கின் எண்ணெய்ப் பசையை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தால்தான் முதல் பூச்சு நன்றாகப் பிடிக்கும்.

ஒரு கறை மட்டும் வெளுக்கவில்லை. சன்னலை ஒட்டிய தடுப்புப் பலகையில் ஆணி முனையால் குத்தினேன். பஞ்சில் இறங்குவதுபோல் இறங்கிற்று. மேல்தளத்துக் கசிவு பல காலம் ஊறி மரத்தை உளுக்கச் செய்திருந்தது. பாய்மரத்தை நிறுத்தும் எஃகுக் கம்பிகளின் பட்டைகள் அந்தப் பலகையோடுதான் முடுக்கப்பட்டிருந்தன. பலத்த காற்றில் பலகை விட்டுக்கொடுத்தால் பாய்மரமே சாய்ந்துவிடும்.

ஆனால், சிறிது நிறம் சேர்த்து ஐந்து பூச்சு அடித்தால் எவர் கண்ணுக்கும் தெரியாது. சொன்னாலோ வேலை நிற்கும், கூலி தள்ளிப்போகும். பெருநாளுக்குப் பத்து நாட்களே இருந்தன. மகளுக்குப் புத்தாடை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். தூரிகையைக் கையில் எடுத்தும்விட்டேன்.

அப்போது நாவு வறண்டிருந்தது. அமிலத்தைக் கழுவ வைத்திருந்த குடிநீர் அருகிலேயே இருந்தது. அடைத்த அறையில் என்னைக் காண்பார் எவருமில்லை. ஆயினும் அதை அருந்த எண்ணவேயில்லை. தண்ணீர் விஷயத்தில் அல்லாஹ் பார்க்கிறான் என்று அஞ்சிய நான், பலகை விஷயத்தில் எப்படி மறந்தேன்?

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட நிகழ்வு ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றார்கள். என் கையிலிருந்த வார்னிஷ், ஈரத்தின்மேல் பரப்பிய உலர்ந்த தானியமன்றி வேறென்ன?

தூரிகையை வைத்துவிட்டு உரிமையாளருக்குத் தெரிவித்தேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் படகுத் தச்சரை வரவழைத்துக் கசிவை அடைத்துப் பலகையை மாற்றினார். பெருநாள் கழிந்து மூன்று வாரங்களுக்குப் பிறகே என் கூலி வந்தது. மகள் பழைய உடையோடு தொழுகைக்கு வந்தாள், காரணத்தைச் சொன்னபோது, “அந்தப் படகு இனி மூழ்காதுதானே வாப்பா?” என்று மட்டும் கேட்டாள்.

நோன்பில் நாம் பழகும் இறையச்சத்தை நம் தொழிலிலும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.