வடுவூராரும் வாழப்பாடித் தாத்தாவும்

துப்பறியும் கதை என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார்கள்? ஷெர்லாக் ஹோம்ஸ்? சங்கர்லால்? கணேஷ் - வசந்த்? பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், திகம்பர சாமியார் என்று ஒரு பெயர் வந்து விழலாம். வாழப்பாடியில் ஒரு வீட்டில் அப்படித்தான் விழுந்தது.

சேலத்திலிருந்து ஆத்தூர் போகிற ரோட்டில் சுமார் 30 கிலோமீட்டர் போனால் வாழப்பாடி. பாக்குத் தோப்பும் மரவள்ளிக்கிழங்குக் காடுமாக இருக்கிற ஊர். அங்கே ஒரு தாத்தாவுக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது. கண்ணில் புரை, எழுத்து தெரிவதில்லை. தினமும் பஸ்ஸில் சேலம் போய் சட்டம் படிக்கிற பேத்தி, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு ஒரு பழைய நாவலை வாசித்துக் காட்டுகிறாள். வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் எழுதிய ‘கும்பகோணம் வக்கீல்’.

முதலில் வடுவூரார் பற்றிக் கொஞ்சம். 1880-ல் பிறந்தவர். மன்னார்குடி பக்கத்து வடுவூர். தாசில்தார் உத்தியோகம் பார்த்துவிட்டு, அதை விட்டு எழுத வந்தவர். நாவல்களை வெளியிடுவதற்கென்றே ‘மனோரஞ்சனி’ என்ற பத்திரிகையை நடத்தினார். 1942-ல் காலமானார். அந்தக் காலத்தில் துப்பறியும் கதைக்கு மூன்று பேர் பிரபலம். ஹோம்ஸை ஆனந்தசிங் ஆக்கி வேட்டி கட்டிவிட்ட மாதிரி தமிழுக்குக் கொண்டுவந்த ஆரணி குப்புசாமி முதலியார், துப்பறியும் கோவிந்தனை உருவாக்கிய ஜே.ஆர். ரங்கராஜு, அப்புறம் நம்ம வடுவூரார். இவருடைய ‘மேனகா’ டி.கே.எஸ். சகோதரர்கள் கையில் நாடகமாகி, 1935-ல் ராஜா சாண்டோ இயக்கத்தில் சினிமாவாகவும் வந்தது.

சேலம்காரர்களுக்கு இதில் ஒரு சொந்தப் பெருமை உண்டு. ‘கும்பகோணம் வக்கீல்’ கதையைப் படமாக எடுத்தது சேலம் ஏற்காடு ரோட்டில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ். 1950-ல் வந்த ‘திகம்பர சாமியார்’. டைரக்‌ஷன் டி.ஆர். சுந்தரம். ஹீரோ யார் தெரியுமா? எம்.என். நம்பியார்! பிற்காலத்தில் எம்.ஜி.ஆர். கையால் அடி வாங்கியே பேர் எடுத்த மனிதர், இதில் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டு வில்லனைப் பிடிக்கிற துப்பறிவாளர். ஸ்டுடியோ போய்விட்டது, ஏற்காடு போகிறவர்கள் அந்த நுழைவு வளைவை மட்டும் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

தாத்தா அந்தப் படத்தைச் சின்னப் பையனாக டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தவர். நாவலை அதற்கப்புறம்தான் படித்தாராம். ஒரு தடவை இல்லை, பல தடவை.

பேத்திக்கு முதல் பத்துப் பக்கத்திலேயே பொறுமை போய்விட்டது. வாக்கியம் ஒன்று ஆரம்பித்தால் பக்கம் திரும்பியும் முடிவதில்லை. எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் மயக்கம் போட்டு விழுகிறாள், இல்லை என்றால் யாராவது கடத்திக்கொண்டு போகிறார்கள். கற்பு பற்றிப் பிரசங்கம் வேறு. போதாததற்கு, வடுவூராரின் சில கதைகள் ரெயினால்ட்ஸ் என்ற இங்கிலாந்து எழுத்தாளரின் நாவல்களைத் தழுவியவை என்று எங்கோ படித்துவிட்டு வந்தாள்.

“தாத்தா, உங்க ஆளு காப்பி அடிச்சிருக்காரு.”

“அடிச்சா அடிச்சுட்டுப் போறாரு. இங்கிலீசு தெரியாத எங்களுக்கு யாரு கண்ணு சொல்லியிருப்பா?”

அதற்கு அவளிடம் பதில் இல்லை. ஆனால் இன்னொரு குறை இருந்தது. அது முக்கியமான குறை. “யாரு குத்தவாளின்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சு போச்சே. வக்கீல்தான் கெட்டவன். அப்புறம் என்ன சஸ்பென்ஸ்?”

அகதா கிறிஸ்டி படித்து வளர்ந்தவர்கள் எல்லோரும் கேட்கக்கூடிய கேள்விதான் இது. கிறிஸ்டி கதையில் கடைசி அத்தியாயம் வரை எல்லோர் மேலும் சந்தேகம் இருக்கும். “யார் செய்தது?” என்பதுதான் அங்கே புதிர். வடுவூரார் அந்த விளையாட்டை இங்கே ஆடவில்லை. செய்தவன் யார் என்று வாசகனுக்குத் தெரியும். அவனுக்குப் பணமும் படிப்பும் செல்வாக்கும் இருக்கிறது. இவன் எப்படி மாட்டப்போகிறான் என்பதுதான் கேள்வி.

தாத்தா அன்றைக்குத்தான் அந்தப் பழைய விஷயத்தைச் சொன்னார். வீட்டில் அரைகுறையாக எல்லோருக்கும் தெரிந்த கதை. அவருக்கு அரை ஏக்கர் பாக்குத் தோப்பும் ஒரு கிணற்றில் பங்கும் இருந்தது. சொந்தக்காரர் ஒருவர் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து “கடன் வாங்கறதுக்கு, ஒரு கையெழுத்துப் போடு” என்றார். இவரும் நம்பிப் போட்டார். கிணற்றுப் பங்கு கைமாறிவிட்டது. பங்கு போனால் தண்ணீர் போச்சு, தண்ணீர் போனால் பாக்கு மரம் நிற்குமா? கேஸ் 19 வருஷம் நடந்தது. கடைசியில் சமாதானம் பேசி, வந்ததை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

“யாரு பண்ணுனதுன்னு ஊருக்கே தெரியும் கண்ணு. துப்பறியறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. நிரூபிக்கத்தான் முடியல.”

யோசித்துப் பாருங்கள். நம் ஊர்களில் நடக்கிற முக்கால்வாசி ஏமாற்று வேலை இந்த மாதிரிதான். புதிர் எதுவும் கிடையாது. ஏமாற்றினவன் தினமும் எதிரே சைக்கிளில் போவான். பத்திரத்தில் இருப்பதும் ஏமாந்தவனுடைய சொந்தக் கையெழுத்தே. இப்படிப்பட்ட மனிதனுக்குக் கிறிஸ்டியின் புதிர் எதற்கு? எல்லோருக்கும் தெரிந்த ஒரு உண்மையை ஒரு ஆள் வந்து நாலு பேர் முன்னால் வெளியே கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது. அந்த ஆள்தான் திகம்பர சாமியார். வடுவூரார் தாசில்தாராக இருந்தவர் என்பதையும் இங்கே மறந்துவிடக் கூடாது. நிலமும் பத்திரமும் மனுவும் எப்படியெல்லாம் புரளும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

ஆனால் பேத்தி விடுகிற ஆள் இல்லை. படத்தில் தாத்தா இன்றைக்கும் மறக்காத ஒரு இடம் உண்டு. சாமியார் அந்த வக்கீலைப் பிடித்து வைத்துக்கொண்டு, நாள் கணக்கில் தூங்கவே விடாமல் வைத்து உண்மையைக் கறந்துவிடுவார். அதைச் சொல்லும்போது தாத்தா முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

“அது சித்திரவதை தாத்தா. கோர்ட்டுல நிக்காது.”

அவள் சொன்னது சரிதான். மிரட்டி வாங்கிய ஒப்புதலுக்கு மதிப்பில்லை என்பது 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. 2024 ஜூலை 1-ம் தேதி முதல் அதற்குப் பதிலாக வந்திருக்கிற புதுச் சட்டத்திலும் அது இருக்கிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 20(3). செல்வி வழக்கில் 2010-ல் சுப்ரீம் கோர்ட், சம்மதம் இல்லாமல் மயக்க மருந்து கொடுத்து உண்மை வாங்குகிற சோதனையும் செல்லாது என்று சொல்லிவிட்டது. தூங்கவிடாமல் செய்வது மட்டும் எப்படிச் செல்லும்?

தாத்தா முழுவதையும் கேட்டார். கடைசியில் சொன்னார்: “கோர்ட்டுல நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா கண்ணு? பத்தொம்பது வருசம் கோர்ட்டுல நின்னவன் நான்.”

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். “அந்தப் பத்தொம்பது வருசமும் நான் ஒழுங்காத் தூங்குனதில்ல. சினிமாவுலயாச்சும் அவன் தூங்காம இருக்கட்டுமே.”

இதில் யார் பக்கம் நியாயம்? இரண்டு பேரும் சரி என்றுதான் தோன்றுகிறது. சாமியார் மாதிரி ஆட்கள் நிஜத்தில் வந்தால் ஆபத்து. இன்றைக்குக் கெட்ட வக்கீலைத் தூங்கவிடாதவன் நாளைக்கு ஒன்றும் அறியாத ஒருவனைத் தூங்கவிட மாட்டான். அதற்காகத்தான் சட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு கிணற்றுப் பங்குக்கு 19 வருஷம் அலையவிடுகிற இடத்தில், சாமியார்கள் கதையிலாவது பிறந்துகொண்டுதான் இருப்பார்கள். மேல்நாட்டுச் சரக்கில் நம் ஊர் வக்கீலையும் நம் ஊர் ஆத்திரத்தையும் கலந்து கொடுத்ததால்தான் வடுவூராரை ஜனங்கள் விழுந்து விழுந்து படித்தார்கள் போலிருக்கிறது. நடை பழசாகிவிட்டது, பெண்களைப் பற்றிய பேச்சு சகிக்கவில்லை. அதெல்லாம் உண்மை. ஆனால் அந்த ஆத்திரம் மட்டும் இன்னும் பழசாகவில்லை.

பேத்தி இன்னமும் தூங்கவிடாத விஷயத்தை ஒத்துக்கொள்ளவில்லை. தாத்தாவும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் மறுநாள் ராத்திரி, அவர் கேட்பதற்கு முன்னாலேயே அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள்.

“எங்க விட்டோம் தாத்தா?”

“வக்கீல் மாட்டப்போற எடத்துல.”

அந்த இடம் வர இன்னும் நிறையப் பக்கம் இருந்தது. அவள் அதைச் சொல்லாமல் வாசிக்க ஆரம்பித்தாள்.