அண்ணன் வரைந்த வரைபடம்

"இவ்வாண்டு மலருக்கு 'நான் அறிந்த ஊர்' என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை வேண்டும் அக்கா" என்று தமிழ்ப் பேரவைத் தங்கை ஒருவர் தொலைபேசியில் கேட்டபோது உடனே சரி என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் யோசித்தேன். நான் பெரிய பயணி அல்லள். படித்த ஊரும் வேலை பார்க்கும் ஊரும்கூடக் கைப்பேசி வழிகாட்டி இல்லாமல் எனக்குப் பிடிபடுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்லக்கூடிய இடங்கள் எனக்கு இரண்டே இரண்டுதான். ஒன்று, நான் பிறந்த தோட்டம். அது இன்று இல்லை. மற்றொன்று, கான்டோ. அது என்றுமே இருந்ததில்லை.

போக்கிமோன் விளையாடியவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1996 பிப்ரவரியில் ஜப்பானில் கேம் பாய் கருவிக்காக வெளிவந்த முதல் போக்கிமோன் விளையாட்டுகள் நடைபெறும் நிலப்பரப்புதான் கான்டோ. தோக்கியோவைச் சுற்றியுள்ள உண்மையான கான்டோ வட்டாரத்தை ஒட்டி அமைக்கப்பட்டது. அதில் பத்து ஊர்கள், எண்ணிட்ட 25 பாதைகள், ஒரு காடு, சில குகைகள், தெற்கே கடல், கடலில் ஒரு எரிமலைத் தீவு. ஊர்களுக்கெல்லாம் நிறங்களின் பெயர். விரிடியன் பச்சை, செருலியன் நீலம், வெர்மிலியன் செந்தூரம், லாவெண்டர் ஊதா, சின்னபார் சாதிலிங்கச் சிவப்பு. ஆனால் எங்கள் கருவியின் திரையிலோ சாம்பலும் பச்சையும் கலந்த ஒரே நிறந்தான்! ஊர்ப் பெயரைப் படித்து நிறத்தை நாங்களே மனத்தில் பூசிக்கொள்ள வேண்டும்.

1999ஆம் ஆண்டு எங்கள் தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டது. அப்போது எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பதின்மூன்று. பேராக்கில் பால்மரத்துக்கும் செம்பனைக்கும் நடுவே லயத்து வீட்டில் வாழ்ந்த நாங்கள், கிள்ளானில் மலிவு விலை அடுக்குமாடி ஒன்றின் ஒன்பதாவது மாடிக்குக் குடிவந்தோம். பால் வெட்டிய அப்பா பாதுகாவலர் வேலைக்குப் போனார். கீழே இறங்கி விளையாட அம்மா விடமாட்டார். அந்த ஆண்டுத் தீபாவளிக்குச் சிங்கப்பூரில் வேலை செய்த மாமா பழைய கேம் பாய் ஒன்றையும் 'போக்கிமோன் ரெட்' கேசட் ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்பதாவது மாடியில் அடைபட்டிருந்த இரண்டு பிள்ளைகளுக்கு அது எப்படிப்பட்ட பரிசு என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

எங்களிடம் இணையமும் இல்லை, வழிகாட்டி நூலும் இல்லை. ஆகவே, அண்ணன் கணக்குப் பாடத்துக்கான கட்டம் போட்ட நோட்டில் வரைபடம் வரையத் தொடங்கினார். அவர் விளையாடுவார், நான் பக்கத்தில் அமர்ந்து கட்டங்களை எண்ணிச் சொல்வேன். புல்வெளிக்குக் குறுக்குக் கோடு, தண்ணீருக்கு அலைக்கோடு. போக்கிமோன்களுக்குச் சிகிச்சை அளிக்கும் நிலையத்துக்கு, எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரி நினைவாக, ஒரு 'டி'. பயணம் தொடங்கும் பேலட் டவுனை வரைந்தபோது அண்ணன் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "பாப்பா, இது நம்ம தோட்டத்தைவிடச் சின்னதுடா. ரெண்டு வீடு, ஒரு ஆய்வுக்கூடம், முடிஞ்சது."

பேலட் டவுனுக்கு வடக்கே முதலாம் பாதை. அந்தப் பாதையில் சிறு சிறு மேட்டு விளிம்புகள் இருக்கும். மேலிருந்து கீழே குதிக்கலாம். கீழிருந்து மேலே ஏற முடியாது. வடக்கே போகிறவன் புல்லுக்குள் புகுந்து, வளைந்து, வழியில் பாயும் விலங்குகளோடு மோதித்தான் விரிடியன் போய்ச் சேர வேண்டும். ஆனால், தெற்கே வீட்டுக்குத் திரும்புகிறவனோ விளிம்புகளில் குதித்துக் குதித்துச் சில நொடிகளில் வந்துவிடலாம். வீட்டில் அம்மா இருப்பார். அவரிடம் பேசினால் போதும், காயம்பட்ட போக்கிமோன்கள் எல்லாம் குணமாகிவிடும். காசு கேட்கமாட்டார். ஊரைவிட்டுப் போவது கடினம், திரும்புவது எளிது. கான்டோவின் முதல் பாடம் இதுதான்.

அதன் பிறகு வரும் ஊர்களிலும் நிலமே ஆசிரியர். காட்டைக் கடந்தால் பியூட்டர். நிலா மலையின் குகையைக் கடந்தால் செருலியன். நடுவில் இருப்பதோ சஃப்ரான் என்னும் பெருநகரம். ஆனால் அதன் நான்கு வாயில்களிலும் காவலர்கள் நின்று தடுப்பார்கள். சுற்றிக்கொண்டு சுரங்கப் பாதையில்தான் போக வேண்டும். அந்தக் காவலர்களுக்கு வேறொன்றும் குறையில்லை, தாகந்தான்! செலடன் நகரப் பேரங்காடியின் மொட்டை மாடி இயந்திரத்தில் ஒரு பானம் வாங்கி வந்து கொடுத்தால் வழி திறந்துவிடும். இதை நாங்கள் கண்டுபிடித்த அன்று அப்பா வேலைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "அங்கேயும் காப்பிக் காசு உண்டா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடியே போனார்.

வெர்மிலியன் துறைமுகத்தில் ஒரு கிழவர், தம் போக்கிமோனை வைத்து வெற்று நிலத்தை மிதித்துச் சமப்படுத்திக்கொண்டிருப்பார். கட்டடம் எழுப்பப் போகிறாராம். எங்கள் பழைய தோட்டத்திலும் அதே நேரத்தில் அதே வேலைதான் நடந்துகொண்டிருந்தது என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

கிழக்கே இருந்த லாவெண்டரில் எனக்குப் பயம். இறந்த போக்கிமோன்களைப் புதைத்த கோபுரம் அந்த ஊரில் இருந்தது. மாடி மாடியாகக் கல்லறைகள், அவற்றின் முன் நின்று அழும் மனிதர்கள். அண்ணன் ஒலியைக் குறைத்துவிட்டு, "தாத்தா இருக்கிற இடம் மாதிரிதான் பாப்பா, பயப்படாத" என்பார். எங்கள் தாத்தா தோட்டத்து இடுகாட்டில் இருந்தார்.

தெற்கே ஃபுஷியா, அங்கிருந்து மேற்கே கடல் வழியாகச் சின்னபார் தீவு. ஏழாவது பதக்கத்தை அங்கே பெற்றுவிட்டு வடக்கே கடலில் நீந்திப் போனால், எங்கே கரை ஏறுவீர்கள் தெரியுமா? பேலட் டவுனில்! முதல் நாள் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது, ஊரின் தெற்கே வெறும் தண்ணீராகக் கிடந்த அதே இடத்தில். எட்டாவது பதக்கமோ, பயணத்தின் தொடக்கத்தில் பூட்டிக் கிடந்த விரிடியன் அரங்கில் இருக்கிறது. அண்ணன் வரைபடத்தின் கடைசிக் கட்டத்தை முதல் கட்டத்தோடு இணைத்துவிட்டு நோட்டை என் முன் வைத்தார். "சுத்திச் சுத்தி வீட்டுக்குத்தான் வருது பாரு" என்றார்.

2001ஆம் ஆண்டு 'போக்கிமோன் கோல்ட்' எங்கள் கைக்கு வந்தது. ஜோட்டோ என்னும் புது வட்டாரத்தை முடித்ததும் ஒரு கப்பல் நம்மை வெர்மிலியனில் இறக்கிவிடுகிறது. முதல் கதை நடந்து மூன்று ஆண்டுகள் கழிந்த கான்டோ அது. அண்ணன் பழைய நோட்டை எடுத்துவந்தார். ஆனால் நோட்டும் நிலமும் பொருந்தவில்லை. விரிடியன் காடு இல்லை. சில மரங்கள் மட்டும் நின்றன. லாவெண்டர் கோபுரம் வானொலி நிலையம் ஆகியிருந்தது. சின்னபாரில் எரிமலை வெடித்து ஊரே போயிருந்தது. அரங்கு இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை, மாளிகை இல்லை. பாறைக்கு நடுவே மிஞ்சியது சிகிச்சை நிலையம் ஒன்று மட்டுமே. வெர்மிலியன் கிழவர் மட்டும் இன்னமும் அதே வெற்று நிலத்தில் நின்றுகொண்டிருந்தார். பணம் இல்லையாம்!

அந்த ஆண்டுதான் கோயில் திருவிழாவுக்காகத் தோட்டத்துக்குப் போனோம். லயங்கள் இல்லை. ஆயாக் கொட்டகை இல்லை, பெரட்டுக் களம் இல்லை. சிவந்த மண் பரப்பின் நடுவே மாரியம்மன் கோயில் மட்டும் தனியாக நின்றது. அண்ணன் என் காதருகே குனிந்து, "சின்னபார்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. எட்டு வயதில் ஊரைவிட்டு வந்தபோது அழாத நான், பத்து வயதில், அந்த ஒரு சொல்லுக்கு அழுதேன்.

2004ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், எஸ்.பி.எம். தேர்வு முடிந்த கையோடு, அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். கேம் பாயையும் நோட்டையும் என்னிடம் விட்டுச் சென்றார். "பத்திரமா வச்சிரு" என்றார். கேசட்டில் அவருடைய பயணம் இருந்தது. எட்டுப் பதக்கங்கள், நூற்று முப்பது மணி நேரம். ஒரு மாதம் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். பிறகு ஓர் இரவு, நானே என் பெயரில் புதுப் பயணம் தொடங்கினேன். அந்தக் கேசட்டில் ஒருவருடைய பயணத்துக்குத்தான் இடம் உண்டு. சேமிக்கப் போனபோது, பழைய பதிவு அழிந்துவிடும், பரவாயில்லையா என்று கருவி கேட்டது. எனக்குப் பதின்மூன்று வயது. ஆங்கிலம் நன்றாகப் புரியும். ஆம் என்று பொத்தானை அழுத்தினேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? விளையாடும் ஆசை என்றுதான் பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவன்று. என்னை அந்த ஒன்பதாவது மாடியில் தனியாக விட்டுவிட்டு அவர் போனது எனக்குக் கோபம். அவர் அனுப்பிய பணத்தில்தான் நான் படிவம் ஆறு படித்தேன், இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன், இதே பேரவையில் மேடை ஏறினேன். அது பின்னால் நடந்த கதை. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வடக்கே போய்விட்டார், நான் தெற்கே நிற்கிறேன் என்பதுதான்.

அவ்வாண்டுத் தீபாவளிக்கு வந்தவர் கருவியைத் திறந்து பார்த்தார். திரையில் என் பெயர், ஒரே ஒரு பதக்கம். சற்று நேரம் பார்த்துவிட்டு, "காட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி விஷமுறிவு மருந்து ரெண்டு வாங்கி வச்சிக்க பாப்பா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

பல்கலைக்கழகத்தில் படித்த நாள்களில், இவ்விளையாட்டை உருவாக்கிய சடோஷி தாஜிரியைப் பற்றி வாசித்தேன். 1965இல் பிறந்தவர். தோக்கியோவின் மேற்கே மச்சிடா என்னும் ஊரில், வயல்களிலும் குளக்கரைகளிலும் பூச்சி பிடித்துத் திரிந்த சிறுவர். அவர் வளர வளர நகரமும் வளர்ந்து அந்த வயல்களையும் குளங்களையும் விழுங்கிவிட்டது. தாம் அனுபவித்ததை அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமும் போக்கிமோன் பிறந்ததற்கு ஒரு காரணம். அதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் ஒன்பதாவது மாடியில் வைத்து விளையாடியது, ஊர் போன ஒருவர் வரைந்த வரைபடத்தில்!

2009இல் ஜப்பானில் வெளிவந்த மறுஆக்கத்தில் விரிடியன் காடு திரும்ப முளைத்திருந்தது. விளையாட்டைச் செய்கிறவர்கள் நினைத்தால் காட்டை மீண்டும் நட்டுவிடலாம். என் கேசட்டோ அதன் பிறகு சில ஆண்டுகளில் மறதிக்கு ஆளானது. பதிவைக் காப்பது உள்ளே இருக்கும் காசு வடிவிலான ஒரு சிறு பேட்டரி. அது தீர்ந்துபோனதும் நான் சேமித்த பயணமும் போயிற்று. அண்ணனுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. நோட்டு மட்டும் இருந்தது.

சென்ற தீபாவளிக்கு எல்லாரும் கிள்ளான் வீட்டில் கூடியிருந்தபோது, இருபது ஆண்டுகளாகத் தொண்டையில் நின்றதைச் சொன்னேன். "அண்ணே, அது தவறுதலா அழியல. கேட்டுச்சு. நான்தான் அழுத்தினேன்."

"தெரியும் பாப்பா. கேக்காம அது அழிக்காதே" என்றார். பிறகு, "நோட்டு இருக்கா?" என்றார்.

எடுத்து வந்தேன். பின்பக்கத்தில் வெற்றுத் தாள்கள் மிச்சம் இருந்தன. பென்சிலை எடுத்துத் தோட்டத்தை வரையத் தொடங்கினார், அதே குறியீடுகளில். புல்லுக்குக் குறுக்குக் கோடு, டிஸ்பென்சரிக்கு 'டி'. கிணறு கோயிலுக்கு இடப்பக்கம் என்றேன் நான். வலப்பக்கம் என்றார் அவர். கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வேன் என்று மேலே பெருமை பேசினேனே, அந்தத் தோட்டத்தில் எனக்குக் கிணறே தெரியவில்லை. சத்தம் கேட்டு அப்பா வந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் திருத்தினார். கிணறு கோயிலுக்குப் பின்னால் இருந்ததாம். பிறகு, எங்கள் இருவருக்கும் சரியாகத் தெரியாத இடுகாட்டில், தாத்தாவின் இடத்துக்கு அவரே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

அன்பு நண்பர்களே, உங்களில் பலருடைய வீட்டிலும் இப்படி ஒரு தோட்டமோ கம்பமோ இருந்திருக்கும். அதன் வழி தெரிந்தவர்கள் இன்னும் வீட்டில் இருக்கிறார்கள். அடுத்த விடுமுறைக்குப் போகும்போது கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கிச் செல்லுங்கள்.

எங்கள் வரைபடம் இன்னும் முடியவில்லை. ஆற்றுக்கு அப்பால் இருந்த லயங்களை அடுத்த தீபாவளிக்கு வரையலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.