தோட்டா செய்ய ஒரு பாடநூல்

இலக்கியம் கற்பிப்பவரிடம் புத்தகம் பரிந்துரைக்கச் சொல்பவர்கள் பெரும்பாலும் நாவலோ கவிதையோதான் கேட்பார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியுரிமை பெற்று வாழும் நம் தங்கை மகன் கேட்டது வேறு. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி எடுத்து, புது மருந்திட்டு, புதுக் குண்டு பொருத்தி மறுபடியும் தோட்டாவாக்கும் கைத்தொழிலைக் கற்க அவன் விரும்பினான். ரீலோடிங் என்பது அங்கே அதற்கு வழங்கும் பெயர். "மாமா, கடையில் ஏழெட்டுப் புத்தகம் இருக்கிறது. ஒவ்வொன்றும் தன்னையே முதலில் படிக்கச் சொல்கிறது. எதை வாங்குவது?" என்றான்.

நாம் துப்பாக்கியைத் தொட்டதில்லை. தொடும் எண்ணமும் இல்லை. ஊரிலிருந்து தங்கை தொலைபேசியில், "அண்ணா, நீங்கள் சொன்னால் கேட்பான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்" என்றாள். இந்தியாவில் என்றால் அப்படியே சொல்லியிருப்போம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்வது இங்கே குற்றம். அங்கே சொந்தப் பயன்பாட்டுக்குச் செய்துகொள்ள நடுவண் அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் தேவை. நவம்பரில் ஒன்பது நாள் நடக்கும் மான் வேட்டைக்கு நண்பர்களோடு போய்வருபவன் அவன். 2020இலும் 2021இலும் அந்நாட்டுக் கடைகளில் தோட்டா கிடைக்காமல் போனபோதே இந்த ஆசை முளைத்துவிட்டது. தடுத்தால் நிற்பவன் அல்லன். அரைகுறையாக இறங்குவதைவிடப் படித்துவிட்டு இறங்கட்டும் என்று முடிவு செய்தோம். அந்த வீட்டில் ஆறு வயதுப் பெண் குழந்தையும் இருக்கிறாள் என்பது நம் மனத்தில் இருந்தது. கோடை விடுமுறையில் அங்கே தங்கியிருந்த மூன்று வாரமும் இந்த நூல்களைத்தான் படித்தோம். பாடத்திட்டக் குழுக்களில் உட்கார்ந்து பழகிய புத்தி அதற்கு உதவியது.

இத்துறை நூல்கள் இரு வகை. ஒன்று கற்பிப்பது; மற்றது அட்டவணை தருவது. 'தி ஏபிசீஸ் ஆஃப் ரீலோடிங்' முதல் வகை. பல பதிப்புகளாக, பல ஆசிரியர் கைமாறி வந்திருக்கும் நூல். கூடு ஏன் பித்தளையால் ஆகிறது, அடியில் பொருத்தும் பிரைமர் என்னும் எரியூட்டி எப்படி வேலை செய்கிறது, மருந்து ஏன் வெவ்வேறு வேகத்தில் எரிகிறது என்று காரணம் சொல்லிக்கொண்டு போகிறது. இரண்டாம் வகையில் ஒவ்வொரு பக்கமும் எண்களால் நிறைந்திருக்கும்: இந்தக் கூடு, இந்தக் குண்டு, இந்த மருந்து, தொடக்க அளவு இவ்வளவு, உச்ச அளவு இவ்வளவு. ஹார்னடி, சியரா, ஸ்பியர், நாஸ்லர் ஆகியவை குண்டு செய்யும் நிறுவனங்கள். ஆகவே அவற்றின் நூல்கள் தத்தம் குண்டுகளைப் பற்றியே பேசும். இரண்டாம் உலகப் போரில் எஞ்சிய மருந்தை வாங்கி விற்றுத் தொடங்கிய ஹாட்ஜ்டன் மருந்து விற்கும் நிறுவனம். அதன் நூல் மருந்தை மையமாகக் கொண்டது. லைமன் கருவி செய்யும் நிறுவனம். குண்டும் மருந்தும் விற்கும் கட்டாயம் இல்லாததால் அதன் 'ரீலோடிங் ஹேண்ட்புக்' பல நிறுவனங்களின் பொருள்களையும் ஒருங்கே சோதித்து அடுக்குகிறது. ஒரு நூலை எழுதியவர் எதை விற்கிறார் என்று பார்ப்பது இங்கே அவதூறு ஆகாது. படிக்கும் முறையே அதுதான்.

முதலில் நம்மைத் திகைக்க வைத்தது, ஒரே குண்டு எடைக்கும் ஒரே மருந்துக்கும் இரண்டு நூல்கள் இரண்டு உச்ச அளவு தந்திருப்பது. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டவர் எவரும் உடனே பாடபேதம் என்பர். எது மூலபாடம், எது ஏடெழுதியவர் பிழை என்று தேடப் புகுவர். இங்கே இரண்டுமே மூலபாடம். சோதித்த குழல் வேறு, கூடு வேறு, பிரைமர் வேறு, குண்டின் வடிவமும் அது கூட்டுக்குள் இறங்கும் ஆழமும் வேறு, மருந்து தயாரான தொகுதியும் வேறு. ஒவ்வோர் எண்ணும் அது பிறந்த சூழலில் மட்டுமே உண்மை. இதை அட்டவணைக்கு முன்பே விளக்கிவிடும் நூல் நல்ல நூல் என்று குறித்துக்கொண்டோம். கற்பவனிடம் குறைந்தது இரண்டு நூல் இருக்க வேண்டும் என்று சொன்னதும் இதனால்தான். ஒன்றே ஒன்று மட்டும் இருந்தால் அதன் எண்ணை அவன் வேதமாக எடுத்துக்கொள்வான். இரண்டு இருந்தால் சிறிய எண்ணிலிருந்து தொடங்கி, படிப்படியாக, அழுத்தத்தின் அறிகுறிகளைப் பார்த்துக்கொண்டு ஏறுவான்.

பெயர்களில் இன்னொரு பொறி இருந்தது. திரிசொல்லுக்கு இலக்கணம் சொல்லும் இரு வகையை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நடத்துகிறோம்: ஒரு பொருளுக்குப் பல சொல், பல பொருளுக்கு ஒரு சொல். இரண்டும் மருந்து டப்பாவில் இருக்கும் என்று நினைத்ததில்லை. எச்பி 38, வின்செஸ்டர் 231 என்று இரு பெயரில் விற்பது ஒரே மருந்து. ஆனால் எச் 4350, ஐஎம்ஆர் 4350 என்று ஒரே எண் தாங்கி நிற்பவை இரு வேறு மருந்துகள். ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் போடக்கூடாது. முதல் வகைக் குழப்பம் பணத்தோடு போகும். இரண்டாவது கையோடு போகும். மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும் என்று நல்ல நூல்கள் வற்புறுத்துவதன் காரணம் இதைப் படித்த பிறகே விளங்கிற்று.

அளவுச் சொல்லும் அப்படித்தான். மருந்தையும் குண்டையும் கிரெயின் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின்; ஒன்று ஏறத்தாழ 65 மில்லிகிராம். நம் பொற்கொல்லர் குன்றிமணியை எடையாக வைத்தது போல, தானிய மணியிலிருந்து வந்த அளவு. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு மணி, துகள் என்றும் பொருள் இருப்பதால், மருந்தின் துகள்களை எண்ணிப் போட வேண்டும் போலும் என்று மயங்கும் புதியவர்கள் உண்டு. தொடக்க நூல் என்று அட்டையில் போட்டுக்கொண்டு, கிரெயின் என்பது எடை என்ற ஒரு வரியைக்கூட எழுதாத நூலை அன்றே ஒதுக்கி வைத்தோம்.

அதன்பிறகு ஒரு சோதனையைக் கைக்கொண்டோம். எந்த நூலையும் முதல் பக்கத்திலிருந்து படிக்காமல், பிழை நேர்வதைப் பற்றி அது பேசும் இடத்தைத் தேடி முதலில் படிப்பது. 38 ஸ்பெஷல் என்னும் கைத்துப்பாக்கித் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இடத்தை அடைக்கும் கரிமருந்துக்காக அமைந்த கூடு அது. இன்றைய புகையற்ற மருந்துக்கு அவ்வளவு இடம் வேண்டாம். அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். ஆகவே கவனம் தவறி இரண்டாம் முறை மருந்து போட்டாலும் வழிந்து காட்டிக்கொடுக்காது. சுடும்போது துப்பாக்கியே பிளக்கும். மருந்தே போடாமல் விட்டாலோ, பிரைமரின் வேகத்தில் மட்டும் குண்டு நகர்ந்து குழலில் சிக்கிக்கொள்ளும். அடுத்து சுடுபவருக்கு ஆபத்து. குண்டு பொருத்துவதற்கு முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கு பிடித்துப் பார் என்று எல்லா நூலும் சொல்கிறது. ஏன் பார்க்க வேண்டும் என்று சொல்பவை சில. ஏன் என்று அறிந்தவன்தான் நூறாவது கூட்டையும் குனிந்து பார்ப்பான்.

குறைத்துப் போட்டால் ஆபத்தில்லை என்ற எண்ணம் மூன்று வாரப் படிப்பில் நமக்கே வந்துவிட்டிருந்தது. எச் 110 என்ற மருந்தின் பக்கம் அதைக் கலைத்தது. அதன் அளவை 3 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கக் கூடாது என்பது ஹாட்ஜ்டனின் எச்சரிக்கை. மிகக் குறைந்தால் அது சீராக எரியாது. பொதுவிதியையும் புறனடையையும் ஒரே பக்கத்தில் வைக்கத் தெரிந்தவர்கள் எழுதிய நூல் என்று மதிப்பு கூடியது.

ஈயத்தைப் பற்றியும் பார்த்தோம். பிரைமர் எரிந்த கசடில் ஈயம் உண்டு. பழைய கூடுகளைத் துலக்கும்போது எழும் தூசியிலும் உண்டு. கை கழுவு, அந்த மேசையில் உண்ணாதே, குழந்தைகளை அண்டவிடாதே என்று விரிவாக எழுதிய நூல்கள் இருக்கின்றன. ஒரே வாக்கியத்தில் கடந்துபோன நூலை, அதன் வண்ணப்படங்கள் எவ்வளவு அழகாக இருந்தும், தங்கை மகனே வேண்டாம் என்றான்.

ரிச்சர்ட் லீ எழுதிய 'மாடர்ன் ரீலோடிங்' நூலைப் படிக்கையில் பலமுறை சிரித்தோம். கருவி செய்து விற்ற மனிதர். தம் கருவியின் பெருமையைத் தயங்காமல் பாடுகிறார், மற்றவர்களோடு சண்டை பிடிக்கிறார், நடுவே அருமையாகக் கற்பிக்கிறார். மருந்து நிறுவனங்களின் எண்களைத் தொகுத்துத் தரும் அட்டவணைகளைவிட அவருடைய வாய்தான் சுவை. ஆனால் முதல் நூலாகத் தர மனம் வரவில்லை. விளம்பரத்தைப் பாடத்திலிருந்து பிரித்தெடுக்கக் கொஞ்சம் முன்னறிவு வேண்டும். முதலில் 'ஏபிசீஸ்', அதை முழுதும் படித்த பிறகு லைமன், பிறகு அவன் எந்தக் குண்டு வாங்குகிறானோ அந்த நிறுவனத்தின் நூல், பொழுதுபோகாத பனிக்காலத்தில் லீ என்று வரிசை சொன்னோம். கருவியை வாங்குவது லைமனுக்குப் பிறகு என்பதையும் சேர்த்தோம். தங்கைக்கு இதில் முழு நிறைவு இல்லை. "தடுக்கச் சொன்னால் பாடம் நடத்திவிட்டு வருகிறீர்கள்" என்றாள்.

ஒரே ஒரு நூலில்தான் அவனோடு வாதிட நேர்ந்தது. பழைய பொருள் விற்கும் கடையொன்றில் 1960களில் அச்சான கையேடு ஒன்றை அவன் வாங்கி வந்திருந்தான். பழம்பதிப்பு என்றால் நமக்கு உயிர். நல்ல கட்டு, நிதானமான நடை, கையால் வரைந்த படங்கள். ஆனால் அன்று அழுத்தத்தை அளந்த முறை வேறு: ஒரு சிறு செப்பு உருளை எவ்வளவு நசுங்குகிறது என்று பார்த்துக் கணக்கிட்டார்கள். கூட்டின் அடிப்பகுதி எப்படி வீங்கியிருக்கிறது என்று கண்ணால் பார்த்தே உச்ச அளவை வகுத்தவர்களும் உண்டு. பின்னர் வந்த மின்னணு உணரிகள், செப்பு காட்டாத உச்சங்களையும் காட்டின. மருந்தின் தயாரிப்பும் இடையில் மாறியிருக்கிறது. ஆகவே பழைய எண்கள் பல இன்று உச்சத்தைத் தாண்டியவை. பழைய பதிப்பையே தேடிப் போகச் சொல்லி மாணவர்களுக்கு இருபது ஆண்டாகக் கற்பித்துவரும் நாம், புதுப் பதிப்பே வேண்டும் என்று அவனிடம் மன்றாடினோம். படிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றான். படிக்க நாங்கள் இருக்கிறோம் என்று கேட்டு வாங்கிக்கொண்டோம். இப்போது அது நம் அலமாரியில், நிகண்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கொடுப்பதற்கு முன் அட்டவணைப் பக்கங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஸ்டேப்ளர் முள் அடித்துத் தந்திருந்தான்.