ஓரத்தை மூடும் கை

மினியாபொலிஸ் நகரின் தென்பகுதியில், சீடர் அவென்யூவும் 35ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் இருக்கிறது மேட்ஸ் பார். பேர்பெற்ற கடை என்று வெளியே நின்று பார்த்தால் தோன்றாது. வெள்ளிக்கிழமை இரவு நண்பர்கள் நால்வரும் போனபோது வாசல்வரை கூட்டம். மற்றவர்கள் மேஜைக்குக் காத்திருக்கலாம் என்றார்கள். நான் பார் கவுண்டர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அடுப்பு அங்கேதான் இருக்கிறது. குடிப்பவர் கண்ணெதிரே, பாருக்குப் பின்னால், ஒரு சின்ன இரும்புக் கல். இத்தனை பேருக்கும் அந்த ஒன்றுதான்.

இங்கே எல்லோரும் கேட்பது 'ஜூசி லூசி'. வழக்கமான பர்கரில் சீஸ் இறைச்சியின்மேல் உட்காரும். இதில் உள்ளே ஒளிந்திருக்கும். மாட்டுக் கொத்துக்கறியில் மெல்லிய வட்டு ஒன்று, அதன்மேல் சீஸ், அதன்மேல் இன்னொரு வட்டு, பிறகு சுற்றிலும் ஓரத்தை விரலால் அழுத்தி மூடுவது. கொழுக்கட்டை பிடித்துப் பழகிய கைக்கு இந்த வேலை உடனே புரியும். பூரணம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஓரம் பிரிந்தால் எல்லாம் போச்சு.

கல்லில் நின்றவர் அதிகம் பேசவில்லை. அவர் செய்ததைவிடச் செய்யாததைத்தான் நான் கவனித்தேன். அமெரிக்காவில் பல கடைகளில் கறியைக் கரண்டியால் கல்லோடு நசுக்கி, விளிம்பு மொறுமொறுவென ஆகும்வரை விடுவார்கள். இவர் ஒருமுறைகூட அழுத்தவில்லை. அழுத்தினால் சீஸ் பீறிட்டுக் கல்லில் கருகிவிடும். மிதமான சூட்டில் பொறுமையாக வேகவிட்டார். உள்ளே நீராவி சேரச் சேர வட்டு உப்பி எழுந்தது. திருப்பியபின் மேலே ஒரு சிறு குத்து. ஆவி வெளியேறியதும் மெல்ல அமுங்கியது. பக்கத்தில் வெங்காயம் வதங்கிக்கொண்டே இருந்தது.

"கொஞ்சம் ரத்தச் சிவப்பா எனக்கு வேணும், சொல்லிப் பாரேன் மச்சான்" என்றான் பக்கத்தில் இருந்தவன். அதற்கு இங்கே வழியில்லை. நடுவில் இருக்கும் சீஸ் உருகி ஓடும் நேரத்துக்குள் கறி முழுக்க வெந்துவிடும். அரைத்த மாட்டிறைச்சிக்கு அமெரிக்க அரசு சொல்லும் அளவு 71 டிகிரி செல்சியஸ். இந்தச் செய்முறை தானாகவே அந்தப் பக்கம் கொண்டுபோய்விடுகிறது. சீஸும் பதப்படுத்தியதுதான் சரிப்படும். அதில் சேர்க்கும் உப்புகள் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்துவைக்கின்றன. ஜேம்ஸ் கிராஃப்ட் 1916இல் காப்புரிமை வாங்கிய வகை அது. நல்ல பழைய செடாரை வைத்தால் எண்ணெய் தனியாக, திப்பி தனியாகப் பிரிந்து நிற்கும். உணவு ரசிகர்கள் முகம் சுளிக்கும் மலிவான சீஸ் இங்கே மட்டும் ராஜா.

தட்டு கிடையாது, மெழுகுத்தாளில்தான் வந்தது. கொண்டுவந்த பெண்மணி, "உடனே கடிக்காதீங்க, உள்ளே கொதிக்குது" என்று எச்சரித்துவிட்டுப் போனார். ஒரு இரவில் எத்தனை முறை அதைச் சொல்வாரோ! குளிருக்குள் நின்றுவந்த பசியில் காத்திருப்பதுதான் கடினம். மூடிய ஓரத்தைக் கொஞ்சமாகக் கடித்து, வழிந்ததை ஃப்ரைஸால் துடைத்துத் தின்றோம். ருசி? உப்பு, வெங்காயம், கொழுப்பு. நுட்பமான ருசி என்று சொன்னால் பொய்.

1954இல் ஒரு வாடிக்கையாளர் இப்படிச் செய்துதரக் கேட்டதில் பிறந்தது என்பது மேட்ஸ் பார் சொல்லும் கதை. இதே சாலையில் தெற்கே, 58ஆம் தெருவில் இருக்கும் 5-8 கிளப்பும் தானே முதல் என்கிறது. அது 1928இல், மதுவிலக்குக் காலத்தில், கள்ளச் சாராயக் கூடமாகத் தொடங்கிய இடம். 2014 ஜூனில் ஒபாமா வந்து சாப்பிட்டது மேட்ஸ் பாரில். அதனால் வழக்கு தீர்ந்துவிட்டதாக இந்தப் பக்கத்தார் பேசுகிறார்கள். நண்பர்கள் அங்கேயும் போய் ஒப்பிடலாம் என்று கிளம்பினார்கள். எனக்கு உரிமைச் சண்டையில் ஆர்வமில்லை. கண்டுபிடித்தவர் ஒருமுறை செய்தார். கல்லில் நிற்பவர் இரவு முழுக்கச் செய்கிறார்.

போகும்முன் அவரிடம் ஓரம் பிரியாமல் மூடக் கற்பது கடினமா என்று கேட்டேன். அது சீக்கிரம் வந்துவிடும் என்றார். எந்த வட்டு யாருடையது, எதற்கு வெங்காயம் வேண்டாம் என்பதை மறக்காமல் இருப்பதுதான் வேலையாம். சொல்லிக்கொண்டே மூன்றைத் திருப்பிப் போட்டார்.