கொட்டாங்குச்சி உப்பு

எறையூரில், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டிகள் போகும் சாலையோரம் எங்கள் வீடு. நான் அறிவியல் வாத்தியார். அதைச் சொல்லித்தான் இதைத் தொடங்கவேண்டும்.

மகளுக்கு இரண்டு வயதிருக்கும்போது உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம். அம்மா பெருமூச்சு விட்டாள்: “புள்ள மேல தேரை விழுந்திருக்குடா.” தேங்காய் ஒல்லியாய்க் காய்த்தால் தேரை மோந்தது, குழந்தை இளைத்தால் தேரை விழுந்தது. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று வகுப்பில் எத்தனையோ முறை சொன்னவன் நான்.

அன்றிரவு கொட்டாங்குச்சி நிறையக் கல்லுப்போடு கொல்லைக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியடி ஈரத்தில் ஐந்து தேரைகள் உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் கடப்பாரை இருந்தது, எடுக்கவில்லை. தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால்தான் உறிஞ்சும். உப்பு பட்டால் அதே தோல் வழியே உடம்பின் நீரெல்லாம் வெளியேறிவிடும். அம்மாவுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். பாடம் நடத்தியதை வைத்தே கொன்றேன்.

மகளுக்கு இருந்தது குடற்புழு. மருந்து கொடுத்ததும் தேறிவிட்டாள். அம்மா தேரையை நம்பினாள், ஒன்றையும் கொல்லவில்லை. நான் நம்பவில்லை, கொன்றேன்.

பல வருடம் கழித்து, கண்டித் தேரையைப் பற்றி வகுப்பில் பேசினேன். 1872இல் குந்தர் என்ற விலங்கியலாளர் விவரித்த இனம். அதன்பின் நூறாண்டுக்கும் மேலாகக் கண்ணில் படாததால், அழிந்துபோனது என்றே பட்டியலில் எழுதிவிட்டார்கள். 2009இல் மெண்டிஸ் விக்கிரமசிங்கவின் குழு சிவனொளிபாத மலைக்காட்டில் இரவில் தேடும்போது, வேகமாக ஓடும் ஓடையின் பாறைகள்மேல் அது உட்கார்ந்திருந்தது. கிடைத்தவை நான்கே நான்கு. 2012இல் உலகுக்கு அறிவித்தார்கள். நிழலும் ஓடும் நீரும் குறைந்தால் அதற்குப் போக்கிடமில்லை என்று சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது. பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள்.

நான்கு கிடைத்ததற்கு உருகியவன், ஐந்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான். “சார், நீங்க தேரையைத் தொட்டிருக்கீங்களா?”

“இல்லப்பா” என்றேன்.

அது பொய்யில்லை. கொட்டாங்குச்சியால்தான் போட்டேன்.