மூன்றாவது தலை

திருவனந்தபுரத்தில் காலை எட்டரை மணி. அப்பா ஸ்கூட்டர் ஓட்டுகிறார். பின்னால் அம்மா. இருவருக்கும் நடுவே புத்தகப் பையும் பாதித் தூக்கமுமாக ஒரு குழந்தை. இந்தியாவின் எந்த நகரத்திலும் கண்ணில் படும் காட்சிதான். ஆனால் கேரளத்தில் 2023-ல் இது அமைச்சர் வரை போன விவகாரம்.

காரணம், சாலையோரக் கம்பங்களில் ஏறிக்கொண்ட கேமராக்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 20-ல் முதல்வர் பினராயி விஜயன் தொடங்கிவைத்த திட்டம் அது. செலவு சுமார் 232 கோடி ரூபாய். அரசு நிறுவனமான கெல்ட்ரான் நிறுவிய 726 கேமராக்களில் 675 செயற்கை நுண்ணறிவு கொண்டவை. ஹெல்மெட் இல்லாத தலை, பெல்ட் போடாத பயணி, காதோடு ஒட்டிய செல்போன், ஒரே வண்டியில் மூன்று பேர் - எதுவும் தப்பாது.

இதில் நியாயம் இல்லாமலில்லை. முச்சந்தியில் நிற்கும் போலீஸ்காரர் குழந்தையைப் பார்த்து இரக்கப்படலாம். அதே கண்கள் பெரிய மனிதரின் காரைப் பார்த்தால் தாழ்ந்துவிடவும் கூடும். கேமராவுக்குப் பயமும் இல்லை, பையும் இல்லை. ஆனால் அதன் கணக்கில் மூன்று தலை என்றால் மூன்று தலை. மூன்றாவது தலை எல்.கே.ஜி. படிக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

ஜூன் 5 முதல் அபராதம் என்று முடிவானது. அதற்கு முந்தைய நாள், பெற்றோருடன் செல்லும் 12 வயதுக்குட்பட்ட ஒரு குழந்தைக்கு இப்போதைக்கு அபராதம் இல்லை என்றார் அன்றைய போக்குவரத்து அமைச்சர் ஆன்டனி ராஜு. கார் வாங்க வசதியில்லாத குடும்பங்கள் மூச்சு விட்டன. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் மத்திய அரசுடையது. பின்னால் ஒருவருக்குத்தான் அதில் இடம். நாலு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு ஹெல்மெட்டும் கட்டாயம். விபத்து, அமைச்சரின் சலுகையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லையே.

கேமரா பிடித்த படத்தை மோட்டார் வாகனத் துறையினர் சரிபார்த்த பிறகே நோட்டீஸ் போகும் என்பது ஏற்பாடு. எண்ணும் வேலையை இயந்திரத்திடம் விடலாம். அந்தப் படத்தில் இருப்பது குற்றமா, குடும்பமா என்று சொல்ல மட்டும் ஒரு மனிதர் வேண்டும். அவர் கேட்டால் பதில் சொல்கிறவராகவும் இருக்க வேண்டும்.